காற்றில் வைத்த பிள்ளை

கிளைவ் போன பிறகு நெரிடா பாஸ்கோவின் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. காது கேட்கிறவர்களின் வீட்டில் ஆள் போனாலும் ரேடியோ பேசும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். தெருவில் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டு போவார்கள். நெரிடாவும் கிளைவும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அவர்கள் வீட்டில் பேச்சு என்றால் நான்கு கைகள்தான். அதில் இரண்டு போனதும், ஆஸ்திரேலியாவில் நியூகாசில் நகரின் மேஃபீல்டு பகுதியில் இருந்த அந்த மரவீட்டில் சொல்வதற்கு ஆளில்லை, சொல்லிக் கேட்கவும் ஆளில்லை.

கிளைவ் இரும்பாலையில் கொதிகலன் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய இடத்தில் அவர் பாட்டுக்கு நின்று சாண்ட்விச் சாப்பிடுவார். ஆலையை மூடிய அன்று கூடவே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தமாகியிருந்தது. "வாங்க, வாங்க. நம்ம கூட்டத்துல ஒரு வழியா சேந்துட்டீங்க" என்று அவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து பியர் ஊற்றிக் கொடுத்து, சைகையில் நான்கு கெட்ட வார்த்தைகள் கற்றுக்கொடுத்து அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதர். குளிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நெரிடா அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விழுந்த அதிர்வு தரைப் பலகை வழியாக அவள் பாதத்துக்கு வந்தது. ஏதோ சாமான் விழுந்ததென்று நினைத்து, நூலைக் கடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்த நூலைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்த காது கேளாதோர் கிளப்புக்குப் போவதை நிறுத்தினாள். சீட்டாட்டத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை, ஊர் வம்பு பேசவும் அவளை விட்டால் ஆளில்லை என்பதால் கிளப்பே களையிழந்தது. யாராவது வாசல் மணியை அமுக்கினால் கூடத்தில் விளக்கு விட்டுவிட்டு எரியும். அது எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எழுந்து போகமாட்டாள்.

மகள் ஜாஸ்லின் மெய்ட்லண்டில் பள்ளி ஆசிரியை. காது கேட்பவள். அவளிடம் ஒரு சாவி இருந்ததால் அவள் மட்டும் உள்ளே வந்துவிடுவாள். அம்மா இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கண் எப்போதும் ஜாஸ்லின் மேலேயே இருக்கும். அம்மா தூங்கறாங்களா, அம்மா சாப்பிடறாங்களா என்று அவளைக் கேட்பார். அவள் கையால் அம்மாவைக் கேட்பாள். அம்மா சொன்னதை வாயால் அவருக்குச் சொல்வாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் செய்துவரும் வேலை அது. சிறுமியாக இருந்தபோதே முக்காலிமேல் ஏறி நின்று வீட்டுக்காரரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவள்.

அன்று டாக்டர் பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்தியிருக்க வேண்டும், முகமே மாறியது.

"வாழவே பிடிக்கலைன்னு அம்மாவுக்கு எப்பவாவது தோணுதான்னு கேளுங்க."

நெரிடாவால் உதட்டைப் பார்த்துப் பாதிதான் பிடிக்க முடியும். அந்தப் பாதி போதுமாக இருந்தது. ஜாஸ்லினின் கைகள் தூக்கிய இடத்திலேயே ஒரு கணம் நின்றன. பிறகு, "ரொம்ப வருத்தமா இருக்கான்னு கேக்கறார்மா" என்றன.

மகள் கேள்வியை மாற்றிவிட்டாள் என்பது நெரிடாவுக்குத் தெரிந்தது. ஏன் மாற்றினாள் என்பதும் தெரிந்தது. 'சாகணும்போல இருக்கு' என்று நெரிடா கையால் சொல்லலாம். அந்த அறையில் அதைச் சொல்லப்போகும் குரல் ஜாஸ்லினுடையதாக இருக்கும். எந்தத் தாய் தன் பிள்ளையின் வாயில் அந்தச் சொல்லை வைப்பாள்?

"கால் வலிதான். வேற ஒண்ணுமில்ல" என்றாள் நெரிடா.

காலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

குவெண்டா வந்தது அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளுக்கும் காது கேளாது. வாய்க்கு, அதாவது கைக்கு, பூட்டே கிடையாது. கூடத்து விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. நெரிடா அசையவில்லை. குவெண்டா வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, ரோஜாச் செடியை மிதித்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"கதவைத் தொறக்கறியா, இல்ல கண்ணாடியை ஒடைக்கட்டுமா?"

நெரிடா திறந்தாள்.

"என்னடி இது, துடைப்பக்குச்சி மாதிரி ஆயிட்டே? முகம் பழைய சாக்கு மாதிரி இருக்கு."

காது கேளாதவர்கள் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. குண்டாகிவிட்டால் குண்டாகிவிட்டாய் என்பார்கள். பல மாதங்களுக்குப் பிறகு ஒருத்தி தன்னை நேராகப் பார்த்துத் திட்டியது நெரிடாவுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. தேநீர் போட்டாள். குவெண்டா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மேசையைத் தட்டினாள்.

"வியாழக்கிழமை சிட்னியிலேர்ந்து ஒரு பொண்ணு ரயில்ல வர்றா. இமெல்டா ஃபருஜான்னு பேரு. மனசு சரியில்லாதவங்களுக்குன்னே படிச்சவ. சமுதாயக் கூடம் மாடியில உக்காந்திருப்பா. நீ போற."

"மொழிபெயர்க்க ஜாஸ்லின்..."

"ஜாஸ்லின் எதுக்கு? வர்றவளுக்கே காது கேக்காது. நம்ம ஆளு."

நெரிடா பின்னுக்குச் சாய்ந்தாள். "நம்ம ஆளா? அப்போ வேணவே வேணாம். வியாழக்கிழமை நான் அழுதா வெள்ளிக்கிழமை கிளப்புல என்னை மாதிரியே அழுது காட்டுவீங்க. நம்ம கூட்டத்துல ரகசியம்னு ஒண்ணு என்னிக்குடி இருந்துச்சு?"

"ஊர்ல யாரு வீட்டுல என்ன நடந்தாலும் மொதல்ல தெரியறது யாருக்கு?"

"எனக்குத்தான்." அதில் நெரிடாவுக்குப் பெருமை உண்டு.

"நான் அவகிட்ட ரெண்டு வருஷமா போறேன். உனக்குத் தெரியுமா?"

நெரிடாவின் கை தேநீர்க் கோப்பையிலேயே நின்றது.

"தெரியலையில்ல? உனக்கே தெரியலைன்னா அவ எவ்ளோ கெட்டின்னு பாத்துக்கோ" என்றாள் குவெண்டா. பிறகு எழுந்துபோய்த் தானே பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டாள். எதற்காகப் போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை. நெரிடாவும், வாழ்க்கையில் முதன்முறையாக, கேட்கவில்லை.

வியாழக்கிழமை அந்த மாடியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கதவைத் திறந்து வந்து, நெரிடாவின் பார்வை தன்மேல் விழும்வரை நின்று, கையசைத்தாள். கன்னத்தில் ஆழமான குழி. அந்தக் குழிதான் அவளுடைய சைகைப் பெயர்: ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு. உள்ளே ஜன்னல் வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுகிற மாதிரி நாற்காலிகளைப் போட்டிருந்தாள். மருத்துவமனைகளில் எப்போதும் டாக்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். முகம் இருட்டாக, உதடே தெரியாமல் இருக்கும். நெரிடா அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ தனக்காக யோசித்து வைத்த நாற்காலி.

"கால் வலி" என்று ஆரம்பித்தாள். காலைப் பற்றி நெடுநேரம் சொன்னாள். இமெல்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைப் பத்தி இன்னும் சொல்லணும்னாலும் சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்த ரூம்ல யாரும் மாத்திச் சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்றது நேரா எங்கிட்டதான் வரும்."

நெரிடாவின் கைகள் மடியில் கிடந்தன. அவற்றை அவள் ஒன்றும் செய்யவில்லை. அவையாகவே எழுந்த மாதிரி இருந்தது.

"சாகணும்போல இருக்கு."

சொல்லிவிட்டு எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். அது சுருங்கவில்லை, பதறவில்லை. இமெல்டா தலையை அசைத்தாள். அதே சைகையை அதே வேகத்தில் திருப்பிச் செய்து, கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள்.

"சாகணும்போல. எப்போல்லாம்? இன்னிக்குமா?"

ஆறேழு மாதமாகக் கழுத்தளவு நின்ற ஒன்றை இன்னொருத்தி கையில் வாங்கி, எடை பார்க்கிற மாதிரி பிடித்திருந்தாள். அது அவளைச் சுடவில்லை. இப்படியும் நடக்குமா என்று நெரிடா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காது கேளாதவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டால் உலகம் மொத்தமாக அறுந்துபோகும். கண்ணீரைத் துடைக்கிற கையால் பேசவும் முடியாது. அந்த இருட்டுக்குள் நெரிடாவின் பாதத்துக்கு ஏதோ வந்தது. தரைப் பலகையில் மெல்ல ஒரு தட்டல். கொஞ்சம் விட்டு இன்னொன்று. இமெல்டா தன் காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இருக்கிறேன், இருக்கிறேன் என்று.

அன்று கிளம்புவதற்குள் இருவரும் சிலதைப் பேசி முடிவு செய்தார்கள். சாயங்காலங்களில் தனியாக இருக்கக்கூடாது, குவெண்டா வருவாள். மனசு கீழே இழுத்தால் இமெல்டாவுக்குச் செல்போனில் எழுத வேண்டும், எந்த நேரமானாலும். டாக்டரிடம் இமெல்டாவே பேசி, கூலி வாங்குகிற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வாள். "உங்க மக கையை நாம கொஞ்சம் சும்மா விடலாம்" என்றாள்.

பொத்தான் தைத்த நூலைப் பற்றி இரண்டாவது வாரம் சொன்னாள். நான்காவதோ ஐந்தாவதோ, நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, கிளைவுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்ததைச் சொன்னாள்.

கல்யாணமான புதிதில் ஒரு பிரசவம். அந்தக் காலத்தில் கணவனை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளையை எடுத்தவுடன் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கணம் சிவப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஊசி போட்டார்கள். விழித்தபோது செவிலி "தூங்கு" என்று வாயசைத்தாள். மறுநாளும் "தூங்கு". பால் கட்டி மார் வலித்தது, பிள்ளை வரவில்லை. பிள்ளை இல்லை என்பதை ஆறாம் நாள் நெரிடாவின் அப்பா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் சாப்பிடவில்லை. மடியைப் பார்த்துக் கைகளால் பேசிக்கொண்டே இருந்தாள். பிள்ளையிடம் பேசினாள். ஊருக்கு வெளியே ஒரு மனநல விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கிருந்தவர்களுக்கு அது பேச்சு என்று தெரியவில்லை. கை ஓயாமல் ஆடுகிறது என்று நினைத்தார்கள். ஆட்டம் நிற்கட்டும் என்று இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு துணியால் கட்டினார்கள்.

"வாயில துணி அடைச்சா எப்படி இருக்கும்? அப்படி" என்றாள் நெரிடா.

ஞாயிற்றுக்கிழமை கிளைவ் பார்க்க வந்தார். கட்டை அவிழ்க்க விடவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வைக்கு அடியில் கையை விட்டு, அவளுடைய விரல்களில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு எழுதினார்.

"என்ன எழுதினார்?" என்று இமெல்டா கேட்டாள்.

"நேத்து நம்ம டீம் தோத்துடுச்சு. நடுவர் குருடன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நெரிடா மறுபடி பிள்ளையிடம் வந்தாள். சைகை மொழியில் கண்முன் இல்லாத ஆளைப் பற்றிப் பேசும்போது அவரைக் காற்றில் ஓர் இடத்தில் வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். அப்புறம் அந்த இடத்தைக் காட்டினால் போதும், அது அவர்தான். கிளைவைத் தன் வலப்பக்கம் வைத்திருந்தாள். பிள்ளையை வைக்க இடம் தேடினாள். கடைசியில் இருவருக்கும் நடுவே, மேசைக்கு மேலே, துணியில் சுற்றியதை இறக்கி வைக்கிற மாதிரி இரு கைகளாலும் வைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக வைத்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றாள். "அது அழுதுச்சா? எனக்குக் காது கேக்காது. வெளியில நின்ன கிளைவுக்கும் கேக்காது. அது அழுதிருந்தா, அதைக் கேட்டவங்க எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இல்ல."

இமெல்டாவின் கண்கள் நிறைந்திருந்தன. அவள் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கையை நீட்டினாள். குவளை மேசையின் அந்த ஓரத்தில் இருந்தது. நேராக நீட்டினால் எட்டும். அவள் கை பாதி வழியில் வளைந்தது. நடுவே இருந்த அந்த வெற்றிடத்தைத் தொடாமல், தூங்குகிற குழந்தைமேல் கை பட்டுவிடக்கூடாது என்பதுபோலச் சுற்றிக்கொண்டு போய்க் குவளையை எடுத்தது. அதேபோலச் சுற்றிக்கொண்டு திரும்பியது.

நெரிடா அந்தக் கையைப் பார்த்தாள். மேசைக்கு மேலே இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே பிள்ளை இருந்தது. அவளுக்கு மட்டும் இல்லை. அறையில் இருந்த இரண்டு பேருக்கும் இருந்தது. வெளியே மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் முடிந்து எழுந்தபோது இருவருமே மேசையைச் சுற்றித்தான் நடந்தார்கள்.

ஜாஸ்லினுக்குச் சொல்ல வேண்டும் என்று நெரிடாதான் முடிவு செய்தாள். அதே அறையில் சொன்னாள். ஜாஸ்லினுக்கு அங்கே மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சொல்லி முடித்ததும் எழுந்து விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டாள். கார் நிறுத்துமிடத்தில் நெரிடா அவளைப் பிடித்தாள்.

"எனக்கு ஒரு கூடப்பிறந்தது இருந்துச்சு, நீ சொல்லவே இல்ல! உனக்காக ஊர்ல எல்லாரோடையும் பேசினேனே நான், எங்கிட்ட மட்டும் பேச உனக்கு என்ன?"

"உங்கிட்ட சொன்னா நீ அதையும் யாருக்காவது மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்!"

"அன்னிக்கு டாக்டர் கேட்டதை நான் மாத்தித்தான் சொன்னேன். உனக்குத் தெரியும்தானே?"

"தெரியாம? என் கால்ல ஒரு வலியும் இல்ல. அந்த மாத்திரையெல்லாம் டாய்லெட்லதான் போச்சு!"

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான்கு கைகள் காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தன. சிறு வயதிலிருந்து அம்மாவுக்குக் குரலாக இருந்த பெண், அம்மாவோடு ஒரு முழுச் சண்டை போட்டது அன்றுதான். போட்டு முடித்துக் களைத்து, காரின் முன்பக்கத்தில் இருவரும் சாய்ந்து நின்றார்கள். "நான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி விசாரிக்கறேன்" என்று ஜாஸ்லின் போனை எடுத்தாள். நெரிடா அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வேணாம். நீ பக்கத்துல உக்காரு, போதும்."

அப்படித்தான் நடந்தது. மருத்துவமனையில் கூலி வாங்குகிற மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் நின்றார். பிரசவப் பிரிவின் மூத்த செவிலி ஒருத்தி வந்து, எடுத்தவுடன் நெரிடாவின் கண்ணைப் பார்த்தாள். பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"பெண் குழந்தை. உயிரோடதான் பிறந்தா. விடியற வரைக்கும் இருந்திருக்கா."

விடியும்வரை. நெரிடா ஊசியின் மயக்கத்தில் அடுத்த கூடத்தில் படுத்திருந்த அந்த இரவு முழுக்க, அவளுடைய மகள் இந்த உலகத்தில் இருந்திருக்கிறாள். பக்கத்தில் ஜாஸ்லின் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். நெரிடா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அது எழுதி வைக்கலைம்மா. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் எனக்கு மனசு வரல" என்றாள் செவிலி. "ஆனா அன்னிக்கு அவ பக்கத்துல ஒருத்தர் இருந்திருப்பாங்க. குழந்தையைத் தனியா விட மாட்டோம். அதை மட்டும் என்னால சொல்ல முடியும்."

நெரிடா அந்தச் செவிலியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவளின் கைகள்.

குழந்தைக்குச் சைகைப் பெயர் வைத்தார்கள். ஒரு முன்கை அடிவானம். அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு கை மெல்ல எழும். முழுதாக எழுவதற்குள் நின்றுவிடும். ஜாஸ்லின்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

அந்தப் பெயரை நெரிடா ஒரு வெள்ளிக்கிழமை கிளப்பில் எல்லார் முன்னாலும் சொன்னாள். விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டு எல்லாரையும் திரும்ப வைத்து, நாற்காலிமேல் ஏறி நின்று, மனநல விடுதியையும் கையைக் கட்டிய துணியையும் போர்வைக்கு அடியில் வந்த கிளைவின் விரல்களையும் சொன்னாள். வியாழக்கிழமை மாடிக்குப் போவதையும் மறைக்கவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. அவள் இறங்கியதும், வருஷக்கணக்காக ஓரத்தில் உட்கார்ந்து சீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆஸ்மண்ட் என்ற கிழவர் எழுந்து, தன் மணிக்கட்டைக் காட்டி, "எனக்கும்" என்றார். ஸ்கூல்ல, கையால பேசினதுக்கு, என்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு கை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. கிளப்பைப் பூட்டுகிறவர் அன்று சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இமெல்டா இப்போது வியாழக்கிழமையோடு வெள்ளிக்கிழமையும் வருகிறாள். ஜாஸ்லின் பள்ளி விடுமுறையில் குவீன்ஸ்லாந்துக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாள். ஒருநாள்கூட அம்மாவின் டாக்டரைப் பற்றி விசாரிக்கவில்லை. நெரிடாவுக்குக் கீழே இழுக்கிற நாட்கள் இன்னும் உண்டு. அந்த நாட்களில் இமெல்டாவுக்கு எழுதுகிறாள். குவெண்டா வந்து பிஸ்கட்டைத் தீர்க்கிறாள்.

கோடை வந்ததும் குவெண்டா அவளைக் கடலோரக் குளத்துக்கு இழுத்துப் போனாள். பாறையை ஒட்டிக் கட்டிய குளம். பெரிய அலை வந்தால் சுவரைத் தாண்டி உள்ளே கொட்டும். கழுத்தளவு நீரில் நின்று, கைகளை மட்டும் வெளியே எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் அலை சுவரில் மோதியது. அந்த அடி நீர் வழியாக நெரிடாவின் விலா எலும்பு வரை வந்து அதிர்ந்தது. வெள்ளை நுரை வானத்துக்குக் கிளம்பி, சூரியனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்ற மாதிரி நின்று, பிறகு அவர்கள் தலைமேல் கொட்டியது. நெரிடா மூச்சுத் திணறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அலை எப்போது வரும் என்று கடலையே பார்த்தாள்.

நீந்திக்கொண்டிருந்த ஒரு ஆள் நின்று இவர்களுடைய கைகளை வெறித்துப் பார்த்தான்.

"என்னடி அவன் இப்படிப் பாக்கறான்?" என்றாள் நெரிடா.

"டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கச் சொல்லு" என்றாள் குவெண்டா.